கைமாத்து வால்வு

எங்கள் மின்நிலையத்தைப் பாகம் பிரித்தபோது கழிப்பறை இரண்டாம் யூனிட்டின் பங்குக்குப் போனது. கடிகாரம் மூன்றாம் யூனிட்டுக்கு. முதலாம் யூனிட்டான எங்களுக்குத் தீயணைப்பு வாளிகள் கிடைத்தன. மணல் கிடைக்கவில்லை. மணலைத் தனியாக ஏலம் விட்டார்கள். எடுத்தவர் அதை வைத்து வீடு கட்டிவிட்டார்.

அதுவரை அது ஒரே நிலையம். மூன்று பாய்லர், மூன்று டர்பைன், ஒரே புகைபோக்கி, ஒரே நிலக்கரி மேடு, ஒரே நீளமான கன்ட்ரோல் ரூம். அரசாங்கத்திடம் இருப்பதால் மோசமாக நடக்கிறது என்றார்கள். பொய்யில்லை. மோசமாகத்தான் நடந்தது, ஆனால் நடந்தது. மூன்று யூனிட்டையும் மூன்று கம்பெனிகளுக்கு விற்று, அவை ஒன்றோடொன்று மோதிக்கொள்கின்றனவா என்று பார்க்க மேலே ஒரு போட்டி ஆணையத்தையும் உட்கார வைத்தார்கள்.

ஆணையத் தலைவர் திறப்பு விழாவுக்கு வந்தார். நிலக்கரி மேட்டுக்கு முன்னால் மேடை. ஷிஃப்டில் இல்லாதவர்கள் எல்லோரும் வெயிலில் நின்றோம்.

"நான் இன்னைக்குத்தான் முதல் தடவையா ஒரு மின்நிலையத்தைப் பார்க்கிறேன்," என்று ஆரம்பித்தார். "இதைப் பெருமையாவே சொல்றேன். முன்னாடியே பார்த்திருந்தா எனக்கு ஒரு பாரபட்சம் வந்திருக்கும். இதுக்கு முன்னாடி துறைமுகத்தைப் பிரிச்சேன். அதுக்கு முன்னாடி தபாலைப் பிரிச்சேன். ரெண்டும் இப்ப இல்லை. அவ்வளவு சுத்தமா பிரிச்சிருக்கோம்."

கைதட்டல்.

"அண்ணாந்து பாருங்க. ஒரே புகைபோக்கி. மூணு கம்பெனியோட புகையும் உள்ளேயே கலந்துடுது. எது யாரோட புகைன்னு யாராவது சொல்ல முடியுமா? இந்த மாதிரி கலந்துபோற இடத்துலதான் விலை ஒளிஞ்சுக்குது."

எல்லோரும் அண்ணாந்து பார்த்தோம். பக்கத்தில் நின்ற ஃபிட்டர் என் விலாவில் இடித்தார்.

"விலை தெரியுதா?"

"புகைதாண்ணே தெரியுது."

"கண்ணைக் கொண்டுபோய்க் காட்டுய்யா."

"போட்டி வந்தா விலை குறையும்," என்று தலைவர் முடித்தார். "குறையலைன்னா போட்டி பத்தலைன்னு அர்த்தம். அப்ப இன்னும் பிரிப்போம். பிரிக்க ஒண்ணுமே மிஞ்சலைன்னா சீர்திருத்தம் முடிஞ்சதுன்னு அர்த்தம்." மூன்று புது முதலாளிகளும் மேடையில் ஒரே சோபாவில் உட்கார்ந்து கைதட்டினார்கள்.

மறுநாள் தச்சர் வந்து கன்ட்ரோல் ரூமுக்கு நடுவில், பூட்டிய கதவோடு ஒரு பிளைவுட் சுவர் வைத்தார். அது என் நாற்காலிக்கும் பக்கத்து நாற்காலிக்கும் இடையில் போனது. பக்கத்து நாற்காலி இரண்டாம் யூனிட் ஆபரேட்டருடையது. இரண்டாம் யூனிட் ஆபரேட்டர் என் மனைவி.

"அந்தப் பக்கம் உங்க வீட்டுக்காரம்மாவா?" என்றார் தச்சர். "ஆணி அடிக்கப் போறேன், காதைப் பொத்திக்கச் சொல்லுங்க."

"சொல்லக் கூடாதாம். போட்டியாளர்."

"அப்ப நீங்க பொத்திக்கங்க," என்று அடித்தார்.

மூன்றாம் யூனிட்டை வாங்கியவர்கள் எங்களைவிடக் கெட்டிக்காரர்கள். யூனிட்டை ஓட்டினால் வருகிற லாபத்தைவிட, 'எப்போது வேண்டுமானாலும் ஓட்டிவிடுவோம்' என்று மற்றவர்களை மிரட்டிக்கொண்டிருப்பதற்கு ஆணையம் தருகிற தொகை அதிகம் என்று கண்டுபிடித்தார்கள். எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டு ஒரு காவலாளியை மட்டும் வைத்தார்கள். ஆண்டு முடிவில் சிறந்த யூனிட்டுக்கான பதக்கம் அவர்களுக்குத்தான். பழுது இல்லை, புகை இல்லை, விபத்து இல்லை. காவலாளி பதக்கத்தை வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கேட்டருகில் தூங்கினார்.

இங்கே கைமாத்து வால்வைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும்.

அடியோடு அணைந்து ஆறிப்போன பாய்லர் தானாக எழுந்திருக்காது. எண்ணெயைச் சூடாக்க, டர்பைனை உயிர்ப்பிக்க, முதலில் கொஞ்சம் நீராவி வேண்டும். அது பக்கத்து யூனிட்டிலிருந்துதான் வர வேண்டும். அதற்காக யூனிட்டுகளுக்கு நடுவே ஒரு குழாய் ஓடுகிறது. அணைந்துபோனவன் ஸ்பேனரால் குழாயில் தட்டுவான். அந்தப் பக்கம் இருப்பவர் தன் பக்க வால்வைத் திறப்பார். யார் தட்டுகிறார்கள் என்று கேட்பதில்லை. நன்றி சொல்வதும் இல்லை. சொன்னால் அடுத்த முறை தட்ட வேண்டி வரும் என்று ஒரு பயம். அவசரத்துக்கு வாங்கித் திருப்பித் தருவது மாதிரி என்பதால் அதற்குக் கைமாத்து என்று பெயர். நிலையம் கட்டிய காலத்திலிருந்து அப்படித்தான்.

ஆணையம் இதைக் கண்டுபிடித்ததும் கைமாத்து வால்வுகளுக்கு அரக்கு முத்திரை வைத்தது. போட்டியாளருக்கு விலையில்லாமல் உயிர் கொடுப்பது சந்தையைக் கெடுக்கும் செயல்.

அடுத்து விலை. ஒவ்வொரு நாளும் மறுநாள் மின்சாரத்துக்கு ஒவ்வொரு கம்பெனியும் தன் விலையைச் சொல்ல வேண்டும். எங்கள் விலையும் இரண்டாம் யூனிட் விலையும் பைசா பிசகாமல் ஒன்றாக இருந்தன. மறுநாளும். அதற்கடுத்த நாளும். ஆணையம் விசாரித்தது. இரண்டு யூனிட்டின் ஆபரேட்டர்களும் ஒரே குவார்ட்டர்ஸில், ஒரே கட்டிலில் தூங்குகிறார்கள் என்பது தெரியவந்தது.

உரையாடல் கண்காணிப்பாளர் ஒருவரை எங்கள் வீட்டுக்கு அனுப்பினார்கள். வழுக்கைத் தலை, நல்ல பசி. சாப்பாட்டு மேசையில் எங்கள் இருவருக்கும் நடுவில் உட்காருவார். கையில் ஒரு சின்ன மணி. பேச்சு தொழில் பக்கம் போனால் அடிப்பார்.

"சூடா இருக்கு, பார்த்து," என்றாள் மனைவி முதல் நாள், என் முன்னால் தட்டை வைத்தபடி.

மணி அடித்தது. "வெப்பநிலை வணிக ரகசியம்."

"சாப்பாடுங்க அது."

"இன்னைக்குச் சாப்பாடும்பீங்க. நாளைக்குப் பாய்லர்னு ஆகும்."

"நாளைக்குன்னு நீங்களே சொல்றீங்களே?" என்றேன். அது தடை செய்யப்பட்ட சொல். நாளைய மின்சாரத்துக்குத்தானே இன்று விலை சொல்கிறார்கள். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டுத் தனக்கும் ஒரு மணி அடித்துக்கொண்டார். நேர்மையான மனிதர்.

மனைவி அவருக்கு 'மூணாவது தட்டு' என்று பேர் வைத்தாள். மூணாவது தட்டு இருக்கும்போது சூடு, தண்ணீர், கரி, உப்பு, நாளை எதையும் பேச முடியாது. மிஞ்சியது சொந்தக்காரர்கள்தான். சொந்தக்காரர்களைப் பற்றி மட்டுமே பேசிக் குடும்பம் நடத்துகிறவர்கள் எந்த லட்சணத்தில் இருப்பார்கள் என்று உங்களுக்கே தெரியும். அவள் தங்கையில் ஆரம்பித்தோம். என் அண்ணனிடம் வந்தோம். யார் கல்யாணத்தில் யார் யாரை மதிக்கவில்லை என்பதுவரை போனோம். தட்டு பறந்த அன்று கண்காணிப்பாளர் தன் அறிக்கையில் 'ஆரோக்கியமான போட்டி மனப்பான்மை தென்படுகிறது' என்று எழுதி, எங்களுக்குப் படித்தும் காட்டினார்.

அந்தச் சமயத்தில்தான் ஃபிட்டருக்கு விபத்து நடந்தது.

எங்கள் யூனிட்டில் ஒரு குழாய் இணைப்பு பிய்த்துக்கொண்டு நீராவி அவர் வலது கையில் முழங்கைக்குக் கீழே பாய்ந்தது. அவர் போட்ட சத்தம் மூன்று கம்பெனிக்கும் கேட்டது. பாகப்பிரிவினையில் ஸ்ட்ரெச்சர் இரண்டாம் யூனிட்டின் பங்கு. மருந்துப் பெட்டி மூன்றாம் யூனிட்டின் பங்கு. கொப்புளம் எங்கள் பங்கு.

நான் காவலாளியிடம் ஓடினேன். அவர் மருந்துப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"குடுத்துடுய்யா. தோல் உரிஞ்சு தொங்குது."

"எனக்கு மட்டும் மனசில்லையாண்ணே? ஆனா விக்கிறதுக்குன்னு எங்க கம்பெனிகிட்ட இருக்கிற ஒரே சரக்கு இதுதான். என்ன விலைன்னு மேலே எழுதிக் கேட்டிருக்கேன். வந்ததும் முதல்ல உங்களுக்குத்தான்."

நான் திரும்பி வந்தபோது பிளைவுட் சுவரின் கதவு உடைந்து கிடந்தது. என் மனைவி ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு எங்கள் பக்கம் வந்திருந்தாள். "வாயைப் பார்த்துட்டு நிக்காதே, காலைப் பிடி," என்றாள். பல மாதங்களில் அவள் என்னிடம் பேசிய முதல் தொழில் பேச்சு அது.

மருந்துப் பெட்டியின் விலை வந்து சேர்ந்தபோது ஃபிட்டர் ஆஸ்பத்திரியிலிருந்து கை இல்லாமல் வீடு திரும்பியிருந்தார். போட்டிக் கம்பெனியின் ஸ்ட்ரெச்சரில் ஏறியதற்காக எங்கள் கம்பெனி அவரை வேலையை விட்டு எடுத்தது. கடிதத்தைப் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். போனது வலது கை என்பதால் கொஞ்சம் தாமதமானது. மற்றபடி எல்லாம் முறைப்படி நடந்தது.

ஸ்ட்ரெச்சரையும் ஒரே விலையையும் சேர்த்து வைத்து ஆணையம் எங்கள் இருவருக்கும் அழைப்பாணை அனுப்பியது. குற்றம் உறுதியானால் இருவருக்கும் வேலை போகும். குவார்ட்டர்ஸ் போகும். மின்சாரம் சம்பந்தப்பட்ட எந்த இடத்திலும் இனி எங்களை எடுக்க மாட்டார்கள். எங்களுக்கு வேறு தொழில் தெரியாது.

ஆணையத்தின் கட்டடத்துக்குப் பின்னால் ஒரு பெரிய ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. எந்தக் கம்பெனிக்கும் கடமைப்படக் கூடாது என்பதால் அவர்கள் தங்கள் மின்சாரத்தைத் தாங்களே தயாரித்துக்கொள்கிறார்கள் என்று வாசலில் இருந்தவர் விளக்கினார்.

"ரெண்டு யூனிட்டும் ஒரே விலை. என்ன சொல்றீங்க?" என்றார் தலைவர்.

"ரெண்டுக்கும் ஒரே கரிங்க ஐயா. ஒரே தண்ணி. ஒரே வயசு மெஷின். அதோட விலை போடறது நாங்க இல்லைங்க. ரெண்டு கம்பெனிக்கும் ஒரே ஆலோசனை நிறுவனம்தான் விலை போட்டுத் தருது."

"தெரியும். எங்களுக்கும் அவங்கதான் ஆலோசனை. அவங்கதான் உங்க ரெண்டு பேரையும் சந்தேகப்படச் சொன்னாங்க."

"நாங்க வேலையைப் பத்திப் பேசறதே இல்லைங்க," என்றாள் மனைவி. "வேணும்னா உங்க ஆளையே கேளுங்க."

மூணாவது தட்டு எழுந்து நின்று, நாங்கள் பேசுவதில்லை என்று சாட்சி சொன்னார். தலைவரின் முகம் இன்னும் கவலையானது.

"அதுதாம்மா பயமா இருக்கு. பேசி ஒத்துப்போறவங்களைப் பிடிச்சிடலாம். பேசாமலே ஒத்துப்போறவங்களை எப்படிப் பிடிக்கிறது? அவருக்கு நீங்க என்ன நினைப்பீங்கன்னு தெரியும். உங்களுக்கு அவர் என்ன நினைப்பார்னு தெரியும். இதைவிடப் பெரிய கூட்டுச்சதி உலகத்துல உண்டா?"

"அப்ப நான் வேலையை விட்டுடறேன்," என்றேன்.

"ஒரு போட்டியாளரைக் குறைக்கப் பார்க்கறீங்க. அது தனிக் குற்றம்."

"விவாகரத்து பண்ணிக்கிட்டா?" என்றாள் மனைவி. அவள் கொஞ்சமும் யோசிக்காமல் கேட்டதால் நான் அவளைத் திரும்பிப் பார்த்தேன்.

"ரெண்டு பேரும் சம்மதிச்சா அது ஒப்பந்தம். ஒருத்தர் சம்மதிக்கலைன்னா வழக்கு. வழக்கு முடியறவரைக்கும் கண்காணிப்பாளர் உங்க வீட்டுலதான் சாப்பிடுவார்."

மூணாவது தட்டின் முகம் மலர்ந்தது.

கடைசியில் தலைவரே ஒரு வழி சொன்னார். அதன் பெயர் அறியாமைத் தேர்வு. எங்களைத் தனித்தனி அறையில் உட்கார வைத்து ஒரே கேள்விகளைக் கேட்பார்கள். எங்கள் பதில்கள் பொருந்தினால் ஒருவர் மனம் ஒருவருக்குத் தெரியும் என்று அர்த்தம், குற்றவாளிகள். பொருந்தாவிட்டால் நிரபராதிகள். "இதுவரைக்கும் எந்தத் தம்பதியும் இதுல தோத்ததில்லை," என்று உற்சாகப்படுத்தினார். "பயப்படாதீங்க."

என் அறைச் சுவரில் ஒரு சிவப்பு பல்பு. பதில் பொருந்தினால் எரியும்.

முதல் கேள்வி: வேலை முடிந்து வீட்டுக்கு வந்ததும் மனைவி முதலில் என்ன செய்வார்? அவள் செருப்பைக் கூடக் கழற்றாமல் நேராகப் போய்ப் படுப்பாள். அது அவளுக்கும் தெரியும். எனவே பொய் சொன்னேன். "கண்ணாடி முன்னாடி நின்னு தலை வாருவா." சிவப்பு பல்பு எரிந்தது.

இரண்டாவது: கணவருக்குப் பிடித்த நிறம் எது? எனக்கு அப்படி எதுவும் கிடையாது. "ஊதா," என்றேன். எரிந்தது. பிறகுதான் நினைவு வந்தது. அவள் அத்தை எனக்கு மஞ்சள் சட்டை எடுத்துத் தரக் கிளம்பியபோது இருவரும் சேர்ந்து சொன்ன பொய் அது. கல்யாணமான நாளிலிருந்து அவள் வீட்டாரிடம், என் வீட்டாரிடம், மேலதிகாரிகளிடம், வாசலில் வந்து நிற்கிறவர்களிடம் நாங்கள் சேர்ந்தே பொய் சொல்லி வந்திருக்கிறோம். உண்மை பேசினால்கூட எங்கள் பதில்கள் பிசகியிருக்கும். பொய்யில் பிசக வழியே இல்லை.

பல்பு எரிந்துகொண்டே இருந்தது. பதில்களைக் குறித்துக்கொண்டிருந்த ஆணையத்து அம்மாள் எனக்காக வருத்தப்பட்டார். "கொஞ்சமாவது புரிஞ்சுக்காம வாழ்ந்திருக்கலாம் நீங்க," என்றார்.

கடைசிக் கேள்விக்குத் தலைவரே என் அறைக்கு வந்து என் தோளில் கை வைத்தார்.

"எனக்கு மனசு கேக்கலை. இந்த ஒரு கேள்வியிலயே எல்லாத்தையும் முடிச்சுக்கலாம். பொருந்தினா ரெண்டு பேரும் வெளியே. பொருந்தலைன்னா வேலையும் வீடும் உங்களுக்கே. உங்க யூனிட் அணைஞ்சு கிடக்கு. நீங்க குழாயைத் தட்டறீங்க. முத்திரையை உடைச்சு உங்க மனைவி வால்வைத் திறப்பாங்களா, மாட்டாங்களா?"

நான் யோசித்தேன். வாழ்க்கையில் அவ்வளவு நன்றாக யோசித்ததில்லை. அவள் திறப்பாள். கதவை உடைத்து ஸ்ட்ரெச்சரைக் கொண்டுவந்தவள் ஒரு அரக்குத் துண்டைப் பார்த்தா நிற்பாள்? ஆனால் ஆணையத்தின் முன்னால் அதை ஒப்புக்கொள்ள மாட்டாள். 'திறக்க மாட்டேன்' என்று பொய் சொல்வாள். நானும் பொய் சொன்னால் பல்பு எரியும். எனவே நான் உண்மையைச் சொல்ல வேண்டும்.

"திறப்பா," என்றேன்.

பல்பு எரியவில்லை.

தலைவர் எங்கள் இருவரையும் ஒரே அறைக்கு வரவழைத்துக் கைகுலுக்கினார். அவர் கண்கள் கலங்கியிருந்தன. "ஒரு புருஷன், ஒரு பொண்டாட்டி. ஒரே வீடு. ஆனா முக்கியமான விஷயத்துல ஒருத்தரை ஒருத்தருக்குத் தெரியலை. இதைத்தான் நாங்க நாடு முழுக்கக் கொண்டுவரப் பார்க்கறோம்," என்றார். கண்காணிப்பு அன்றே விலக்கிக்கொள்ளப்பட்டது. மூணாவது தட்டு எங்களிடம் விடைபெறும்போது அன்றைக்கு என்ன சமையல் என்று விசாரித்துவிட்டுப் போனார்.

அன்று மாலை, பல மாதங்களுக்குப் பிறகு, மேசையில் நாங்கள் இருவர் மட்டும். எனக்குத் தலைகால் புரியவில்லை.

"நீ மாட்டேன்னு சொல்வேன்னு எனக்குத் தெரியும்," என்றேன். "அதான் நான் உண்மையைச் சொல்லிட்டேன். எப்படி நம்ம மூளை?"

"எந்த உண்மையை?"

"நீ திறப்பேங்கிறதை."

அவள் மென்றுகொண்டிருந்ததை விழுங்கினாள்.

"நான் பொய் சொல்லலையே," என்றாள்.

"என்ன?"

"ஃபிட்டருக்கு ஸ்ட்ரெச்சரைத் தள்ளிட்டு வந்தேன். கை போனது போனதுதான். நான் தள்ளினதால வேலையும் போச்சு. அவர் பொண்டாட்டி என்னைத் தெருவுல பார்த்தா காறித் துப்பறா. இனிமே நான் எதையும் திறக்கறதா இல்லை."

"எனக்குன்னாலுமா?"

"யார் தட்டறாங்கன்னு பார்த்துத் திறந்தா அதுக்குப் பேர் கைமாத்தா? யாருக்கும் இல்லைன்னா உனக்கும் இல்லை." என் தட்டைப் பார்த்தாள். "சாப்பிடு. ஆறிப்போச்சு."

யாரும் மணி அடிக்கவில்லை.

அதற்குப் பிறகு நாங்கள் எதை வேண்டுமானாலும் பேசியிருக்கலாம். சூடு, தண்ணீர், கரி, நாளை. அனுமதி இருந்தது. அவள் சாப்பிடும் சத்தம் எனக்குக் கேட்டது. நான் சாப்பிடும் சத்தம் அவளுக்குக் கேட்டது. சொந்தக்காரர்கள்கூடத் தீர்ந்துபோனார்கள். மூணாவது தட்டு நடுவில் இருந்தவரை, பேசாததற்கு ஒரு காரணமாவது இருந்தது.

பொறுக்க முடியாமல் ஆணையத்துக்கு ஒரு விண்ணப்பம் எழுதினேன். 'எங்கள் இல்லத்தில் போட்டியின் தூய்மையைக் காக்கும் பொருட்டு, கண்காணிப்பாளரை மீண்டும் அனுப்பித் தருமாறு தாழ்மையுடன் வேண்டுகிறேன்.' மனைவிக்குத் தெரியாமல் ஆணையத்து வாசல் பெட்டியில் போட்டுவிட்டு வந்தேன்.

ஆணையத்தின் பதில் எங்கள் இருவர் பெயருக்கும் சேர்ந்து வந்தது. அதே நாளில், அதே கோரிக்கையோடு, என் மனைவியும் எனக்குத் தெரியாமல் ஒரு விண்ணப்பம் அனுப்பியிருந்தாள். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்ததாக எழுதியிருந்தார்கள். இருவரும் முன்கூட்டிப் பேசியதற்கு ஆதாரம் இல்லை. ஆதாரம் இல்லாததே குற்றத்தின் தீவிரத்தைக் காட்டுகிறது. இம்முறை தேர்வு தேவைப்படவில்லை. இருவரும் பணிநீக்கம். மாத இறுதிக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும். கடைசியில் ஒரு வரி: விண்ணப்பங்கள் முறைப்படி இருந்ததால் ஏற்கப்படுகின்றன, வீட்டைக் காலி செய்யும் நாள்வரை கண்காணிப்பாளர் வருவார்.

அவர் அன்று மாலையே வந்துவிட்டார். கொஞ்சம் இளைத்திருந்தார். கைகழுவிவிட்டுப் பழைய இடத்தில் உட்கார்ந்து மணியை எடுத்தார். பிறகு ஏதோ நினைவு வந்தவராக அதைப் பையில் போட்டுவிட்டார்.

"இனிமே இது எதுக்கு? நீங்கதான் போட்டியிலயே இல்லையே." தட்டை இழுத்து வைத்துக்கொண்டார். "விஷயம் தெரியுமா? உங்க ரெண்டு யூனிட்டையும் அந்த மூணாவது கம்பெனியே வாங்கிடுச்சு. ரெண்டையும் மூடியாச்சு. காவலாளிக்குப் புதுசா ரெண்டு பூட்டு குடுத்திருக்காங்க."

"விலை?" என்றேன்.

"எகிறிடுச்சு. போட்டி பத்தலையாம்." வாய் நிறைய எடுத்துக்கொண்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "சரி, நான் பாட்டுக்குச் சாப்பிடறேன். நீங்க பேசுங்க. இனி எதை வேணும்னாலும் பேசலாம்."

நாங்கள் அவர் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.